அளக்கும்வரை எழுந்திருக்காதே

எழுந்திருக்கக் கூடாது என்பது புஷ்பம் மிஸ்ஸின் உத்தரவு. அதனால் பெர்சிஸ் படுத்தே கிடந்தாள். சென்னையில் ஓர் இண்டோர் ஸ்டேடியம், அதன் நடைவழி, சுவரோரமாக விரித்த யோகா பாய். பாய் முடிந்துபோன பிறகும் அவள் கால் முடியாமல் ஒரு முழம் சிமெண்டுத் தரையில் நீண்டு கிடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே, இவர்களுக்கு என்ன தெரியும். ராத்திரி படுத்து எழுந்த உடம்பு ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கும்; நிற்க நிற்க, நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கி, சாயங்காலத்துக்குள் அந்த ஒரு சென்டிமீட்டர் போன இடம் தெரியாது. பாஸ்கெட்பாலில் கூடைக்கு அடியில் நின்று ஆடுகிற நெட்டைப் பெண்கள் அத்தனை பேருக்கும் இது பாலபாடம். பெர்சிஸும் அப்படிக் கூடைக்கு அடியில் சென்டர் ஆடுகிறவள். கல்லூரி அடிக்கிற நோட்டீஸில் எல்லாம் அவள் ஆறடி ஒரு அங்குலம். மிஸ்ஸின் அறைக் கதவில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால் ஆறடிக்கு ஒரு நூல் குறைவு. நோட்டீஸ் என்றால் அப்படித்தான், எந்தக் கல்லூரி உண்மையைப் போடுகிறது. ஆனால் இன்றைக்கு அளக்கப்போவது ஒரு வங்கியின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள். அவர்களுக்கு ஆறடியில் ஒரு சென்டர் வேண்டும். கிடைத்தால் நிரந்தர வேலை, ஓய்வுபெறும் வரைக்கும் சம்பளம். அந்த ஒரு நூலுக்காகத்தான் தூத்துக்குடியிலிருந்து ரயிலில் படுத்தே வந்து, எழும்பூரில் இறங்கி ஆட்டோவின் பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தே வந்து, இங்கேயும் படுத்துக் கிடக்கிறாள். எட்டு மணிக்கு அளப்போம் என்றார்கள். யாரோ பெரிய அதிகாரி வந்து தொடங்கி வைக்க வேண்டுமாம், அவருடைய கார் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

மல்லாந்து கிடந்தால் ஒன்றும் கேட்காது. இடது பக்கம் ஒருக்களித்தால்தான் கேட்கிறது. உள்ளே கோர்ட்டில் பிள்ளைகள் பந்து தட்டுகிற சத்தம் தரை வழியாகக் காதுக்குள் வருகிறது, அதற்கு நடுவே இன்னொரு சத்தமும் வருகிறது, அது பந்தில்லை. பந்து நாலு தடவை தட்டுப்பட்டு யாராவது எறிந்துவிட்டால் நின்றுபோகும். இது நிற்கவில்லை. நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தாள், சீ, இதென்ன நினைப்பு என்று உடனே மல்லாந்து கொண்டாள். மேலே மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, காற்று கீழே வருகிற வழியில் எங்கேயோ தங்கிவிடுகிறது. கழிவறைப் பக்கமிருந்து நாப்தலின் உருண்டை நாற்றம். முதுகு வலித்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கொஞ்சம் இடது பக்கமாக, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிற மாதிரி. மதுரை தாண்டியதும் தொடங்கிய வலி. ரயில் பலகை அவள் நீளத்துக்குப் போதாது, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டுதான் தூங்கினாள், அதனால் வந்த வலி. பலகை வலிதான். வேறு என்ன. "மிஸ், முதுகு வலிக்கு" என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். "கட்டை மாதிரி பலகைட்டி அது, எனக்குந்தான் வலிக்கு" என்றார் மிஸ். மிஸ்ஸுக்கும் வலிக்கிறது என்று கேட்டதில் எவ்வளவு நிம்மதி. மிஸ் அஞ்சடி இரண்டு அங்குலம், அந்தப் பலகையில் அவரைப் போல இன்னொருத்தியும் படுக்கலாம், அவருக்கு ஏன் வலிக்க வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

புஷ்பம் மிஸ் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார், மடியில் வாழைப்பழம், குளுக்கோஸ், ஒரு ஃபிளாஸ்க். யாரோ ஒரு சென்னைப் பெண் அவசரமாக ஓடி வந்தவள் பெர்சிஸின் காலைத் தாண்டிப் போய்விட்டாள். "ஏட்டி, நில்லு" என்று மிஸ் போட்ட அதட்டலில் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். "தாண்டுனல்லா? திரும்பத் தாண்டிட்டுப் போ." "என்ன மேடம்?" "படுத்துக் கெடக்கற பிள்ளையத் தாண்டுனா வளர மாட்டா. வந்த வழியே திரும்பத் தாண்டு." உடற்கல்வியில் முதுகலை படித்து, எலும்பு எத்தனை, தசை எத்தனை என்று போர்டில் படம் போட்டுப் பாடம் நடத்துகிற மிஸ். இருபத்தோரு வயதில் ஒருத்தி இனி எங்கே வளரப்போகிறாள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விடமாட்டார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்பத் தாண்டினாள். பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் முதுகு இழுத்தது. இந்த மிஸ் இல்லாவிட்டால் தான் எங்கே என்றும் நினைத்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூட வாசலில் பார்த்து, "ஏட்டி நெட்டச்சி, கைய நீட்டு பாப்போம்" என்று சொன்னவர். நீட்டினாள். மிஸ் இந்தக் கையிலிருந்து அந்தக் கைவரை கண்ணாலேயே நடந்து பார்த்துவிட்டு, "இது கர்த்தர் குடுத்த கைட்டி" என்றார். அதுவரைக்கும் அந்தக் கையை எங்கே ஒளித்து வைப்பது என்றே தெரியாமல் தாவணிக்குள்ளும் புத்தகப் பைக்குள்ளும் விட்டுக்கொண்டு அலைந்தவளுக்கு, அன்றைக்குத்தான் அது கை என்று ஆனது. எந்த ஊருக்கு ஆடப்போனாலும் மிஸ் முதலில் எதிர் அணிக் கோச்சுகள் முன்னால் அவளைக் கை நீட்டச் சொல்வார். சாதாரண ஜனங்களுக்கு உயரம் எவ்வளவோ கைவீச்சும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இவளுக்குக் கை உயரத்தைத் தாண்டிப் போகிறது, ஒரு சாண் அளவுக்குத் தாண்டிப் போகிறது.

அந்தக் கையைத்தான் அந்த டாக்டரம்மாவும் பார்த்தாள். டாக்டரம்மா என்றால் பெரிய வயதில்லை, இவளுக்கு அக்கா மாதிரி இருப்பாள். போன மாதம் கோயம்புத்தூரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி, ஆட வந்த எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நாக்கை நீட்டு, மூச்சை இழு என்று பார்த்துக்கொண்டிருந்தவள், பெர்சிஸ் வந்ததும் தலையைத் தூக்கினாள். "கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையை மூடு." மூடினாள். கட்டைவிரலின் நகம் சுண்டுவிரல் பக்கம் வெளியே எட்டிப் பார்த்தது. இதென்ன, எல்லோருக்கும் இப்படித்தானே என்று பக்கத்தில் நின்ற பிள்ளையின் கையைப் பார்த்தாள், இல்லை, அவளுக்கு உள்ளேயே அடங்கியிருந்தது. "கண்ணாடி எப்போதிருந்து?" "மூணாங்கிளாஸ்ல இருந்து." "அப்பாவும் உயரமா?" "உயரந்தான். இப்ப இல்ல." "எத்தனை வயசுல?" "முப்பத்தெட்டு." "நெஞ்சு வலியா?" அப்போது பெர்சிஸ் சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஜெபராஜுக்கு அட்டாக் என்று. இவள் வாய் சும்மா இருக்குமா. "முதுகு வலின்னு சொன்னாங்க" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். அந்தப் பேனா வைத்த விதம்தான் இந்த ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் பேசவில்லை அவள். ஏதோ ஒரு நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னாள், இருக்கு என்று சொல்லவில்லை, இல்லாமலும் இருக்கலாம் என்றாள். இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய குழாய் சிலருக்கு வீங்கிக்கொண்டே வருமாம், ஓடிக் குதித்து ஆடும்போது கிழிந்துவிடுமாம், வெளியே ஒன்றும் தெரியாதாம். "ஹார்ட்டுக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாரு. பார்த்துட்டு அப்புறம் ஆடு. முதல்ல ஆடிட்டு அப்புறம் பார்க்காதே." பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அடுத்தவள் நாக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பாவுக்கு மாநகராட்சியில் தெருவிளக்கு மாட்டுகிற வேலை. மற்றவர்கள் ஆறு படி ஏறினால் அவருக்கு நாலு போதும். கிறிஸ்துமஸ் வந்தால் கோயில் வாசலில் நட்சத்திரம் கட்ட ஏணியே எடுக்கமாட்டார்கள், ஜெபராஜைக் கூப்பிடுங்க என்பார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு வந்தவர் சட்டை மாட்டக் கையைத் தூக்கினார், தூக்கின கையோடு அப்படியே நின்றார். "ஏளா, முதுகுல என்னமோ கிழியுது" என்றார் அம்மாவிடம். கிழியுது என்ற வார்த்தையை அவர் ஏன் சொன்னார். வலிக்குது என்றோ பிடிச்சிருக்கு என்றோ சொல்லியிருந்தால் பெர்சிஸுக்கு இன்றைக்கு இவ்வளவு தொந்தரவு இல்லை. அம்மா தைலம் தேய்த்தாள். பக்கத்து வீட்டு மாமா வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாப்போகும் என்றார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையான பெர்சிஸ் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தாள், நடந்து போயிருந்தாலும் ஒன்றுதான், அவள் வாசலுக்கு வந்தபோது உள்ளே அம்மா கத்துகிற சத்தம் கேட்டது. சோடா பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாயங்காலம் வரை கையிலேயே வைத்திருந்தாள். பெட்டி செய்ய அளவெடுக்க வந்த ஆசாரி, டேப்பை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். நல்ல நெட்டையான ஆளு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதுவரை அந்த வீட்டில் யாரையும் யாரும் அளந்ததில்லை. ஏன் இதெல்லாம் இப்போது வருகிறது. பலகை வலி, பலகை வலி என்று பெர்சிஸ் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள், அப்பா ரயிலில் எங்கேயும் போகவில்லையே என்று உள்ளே இன்னொன்று சொன்னது.

டாக்டரம்மா சொன்னதை அன்றைக்கே மிஸ்ஸிடம் சொல்லாமல் இல்லை. மிஸ் கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கை நீளமா இருக்கறதெல்லாம் ஒரு நோயாட்டி?" என்றார். அன்று சாயங்காலமே மேட்ச். ஆடினாள். நன்றாகத்தான் ஆடினாள், கூடையில் பட்டுத் தெறித்த பந்தில் பாதிக்கு மேல் அவள் கையில்தான் விழுந்தது. மறுநாளும் ஆடினாள், அதற்கு மறுநாளும். "பாத்தியா, ஒண்ணும் ஆவலல்லா?" என்றார் மிஸ். ஆகவில்லைதான். அப்பாவும் வெள்ளிக்கிழமை வரைக்கும் கம்பத்தில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார், வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மிஸ்ஸிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் மிஸ் நிதானமாகக் கணக்குப் போட்டுச் சொன்னார்: "கேளுட்டி. டெஸ்ட் எடுத்தா ஒண்ணு இருக்கும், இல்ல இருக்காது. இருக்காதுன்னா எடுத்தது வீண். இருக்குன்னா அந்த நிமிஷமே உன் ஆட்டம் முடிஞ்சிச்சி, வேலையும் போச்சி, எவன் எடுப்பான்? செலெக்ஷன் முடியட்டும். வேலையில சேந்துட்டா பேங்க்காரனே பெரிய ஆஸ்பத்திரியில பாப்பான். அப்ப பாத்துக்கிடலாம்." எவ்வளவு நியாயமாக இருந்தது. அந்தப் பேச்சில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று பெர்சிஸுக்குத் தெரியும், விரலை வைத்துக் காட்டத்தான் தெரியவில்லை. காட்ட ஆசையும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எக்கோ எடுக்கிற இடம் கல்லூரிக்கு எதிரிலேயே இருக்கிறது, போர்டு கூட நீலத்தில் பளிச்சென்று இருக்கும். ஒரு மாதமாக அவள் அந்தப் பக்கத்து நடைபாதையில் நடப்பதை விட்டுவிட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு விட்டு விரல் நுனியில் உணர்ச்சியே இல்லாமல் போனவள். சூடான தம்ளரைக் கூட அப்படியே தூக்குவாள். நேற்று ரயில் ஏற்ற வந்தவள், "அப்பா கையி அப்படியே ஒனக்கு" என்று அவள் கையைப் பிடித்துத் தடவிவிட்டாள். அதில் எத்தனை பெருமை அவளுக்கு. நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறோம் என்று நினைத்து அதைச் சொன்னாள் பாவி.

நடைவழியின் அந்தக் கோடியில் வத்சலா மேடம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இந்திய அணிக்கு சென்டர் ஆடியவர், இப்போது வங்கி அணிக்கு ஆள் பொறுக்குகிறவர், இவர் தலையை ஆட்டினால் வேலை, ஆட்டாவிட்டால் அடுத்த ரயில். அவர் எதையெல்லாம் பார்ப்பார் என்று ரயிலில் மிஸ் சொல்லிக்கொண்டே வந்தார். உயரம் பார்ப்பார், கொண்டை போட்டிருந்தால் அமுக்கிப் பார்ப்பார். நின்றபடி கையைத் தூக்கினால் எதுவரை எட்டும், குதித்தால் எதுவரை என்று பார்ப்பார். அதெல்லாம் டேப் பார்க்கிற வேலை. டேப்புக்குத் தெரியாததை அவர் கண் பார்க்கும். நழுவின பந்துக்குப் பின்னால் ஓடுகிறாளா, இல்லை நடுவர் முகத்தைப் பார்க்கிறாளா. வெளியே உட்கார வைத்தால் உதட்டைப் பிதுக்குகிறாளா. ஆத்தாக்காரி கூட வந்திருந்தால் அவள் இடுப்பைப் பார்ப்பாராம், முப்பது வயதில் மகள் எப்படி ஆவாள் என்று தெரிந்துகொள்ள. பெண் பார்க்க வருகிறவர்கள் கூட இவ்வளவு உரிமையோடு பார்க்கமாட்டார்கள். இவ்வளவு பார்க்கிறவருக்கு நெஞ்சுக்குள் இருப்பதும் தெரிந்துவிடுமோ. எத்தனை நெட்டைப் பெண்களைப் பார்த்திருப்பார், கட்டைவிரலை மடக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாமா என்று நினைத்தாள், கழற்றினால் கூடை தெரியாது. உள்ளே மௌனிகா என்று ஒரு சென்னைக்காரி ஆடிக்கொண்டிருக்கிறாள், அவளும் சென்டர்தான், அவள் படுக்கவே இல்லை, படுக்கவும் வேண்டாம், ஆறடி ஒரு அங்குலம், நோட்டீஸில் இல்லை, நிஜமாகவே. ஓட்டத்தில் மௌனிகா வேகம், எறிவதிலும் குறி தப்பாது. பெர்சிஸிடம் அவளைவிடக் கூடுதலாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கை. அதைக் குறைத்துக் காட்டினால் என்ன? கூட்டிக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது, எல்லோரும் கூட்டித்தான் காட்டுகிறார்கள், குறைத்துக் காட்டினவள் எவளும் இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சுவரில் முதுகை ஒட்டி நிற்கும்போது தோளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டால் போதும், முழங்கையை லேசாகத் தளர்த்தினால் போதும், இரண்டு பக்கமும் நாலு நாலு விரற்கடை காணாமல் போகும். சாதாரணக் கை. சாதாரணக் கையைப் பார்த்து யாரும் பேனாவைக் கீழே வைக்கமாட்டார்கள். ஆனால் சாதாரணக் கையோடு, ஒரு நூல் குறைந்த உயரத்தோடு, கண்ணாடி போட்ட ஒரு சென்டரை வைத்துக்கொண்டு வத்சலா மேடம் என்ன செய்வார், ஊருக்குப் போம்மா என்பார். நீட்டினால் வேலை, கூடவே அந்தக் கேள்வியும். மடக்கினால் கேள்வி இல்லை, வேலையும் இல்லை. வேலை இல்லாவிட்டால் என்ன, ஆடாமல் வீட்டில் இருந்தால் நோயிருந்தாலும் அது ஒன்றும் செய்துவிடாது என்று ஒரு குரல். இறால் கம்பெனிக்குப் போவாயா என்று இன்னொரு குரல். யாராவது ஒருவர் கையைப் பிடித்து, நீ ஆடாதே, இங்கேயே நில், முதலில் அந்த நீல போர்டுக்குள் போ என்று தன்னைப் பலவந்தமாக இழுத்துக்கொண்டு போகக்கூடாதா என்று ஏங்கினாள். அந்த யாராவது ஒருவர் தானாக இருக்கலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. முதுகில் அந்த உள்ளங்கை இன்னும் விலகவில்லை, கொஞ்சம் கீழே நகர்ந்திருக்கிறது, அல்லது நகர்ந்தது போல இருக்கிறது. நகர்ந்தால் நல்லதா கெட்டதா. இடது பக்கம் ஒருக்களிக்க வேண்டும் போல இருந்தது. ஒருக்களிக்கவில்லை.

"தூத்துக்குடி, பெர்சிஸ் ஜெபராஜ்." கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். "மெதுவா எந்திரி, மெதுவா, நேரா நில்லு, நடக்கும்போது குதிக்காத" என்று மிஸ் முழங்கையைப் பிடித்து நிறைமாதக்காரியைக் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போனார். நாலடி தள்ளித்தான் அளக்கிற இடம். இத்தனை மணி நேரம் படுத்துக் கிடந்து, தலைமேல் பலகை வைத்து அளந்தால் ஆறடிக்கு அதே ஒரு நூல் குறைவு. மிஸ்ஸின் முகம் செத்துவிட்டது. டேப் பிடிக்கிற ஆள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கைவீச்சு என்றார். பெர்சிஸ் சுவரில் முதுகை ஒட்டினாள். குளிர்ந்த சுவர், வலிக்கு இதமாக இருந்தது. கையை விரித்தாள், தோள் தானாகவே உள்ளே போய்விட்டது, அவள் தீர்மானித்தாளா உடம்பு தீர்மானித்ததா தெரியாது. அந்த ஆள் டேப்பை வைக்கக் குனிந்தபோது, "இருங்க" என்றார் வத்சலா மேடம். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. அருகில் வந்து, இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார், முழங்கையைத் தட்டி நேராக்கினார், விரல் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார். "முழுசா நீட்டும்மா. எங்ககிட்ட ஒளிச்சு வச்சு என்ன பண்ணப்போற?" சுவரில் ஒட்டியிருந்த அளவுத்தாள் முடிந்துபோய், அவள் நடுவிரல் வெறும் சுண்ணாம்பில் இருந்தது. டேப்காரர் அளந்தார், தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடியும் அளந்தார். எண்ணைச் சத்தமாகச் சொன்னார். நடைவழியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "உயரத்தை விடுங்க" என்றார் வத்சலா மேடம். "இந்தக் கை இருந்தா இவ ஆறே கால் அடிப் பொண்ணுக்குச் சமம். முப்பது வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்ல." மிஸ் அழ ஆரம்பித்துவிட்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கர்த்தர் குடுத்ததுங்க மேடம்" என்றார்.

எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள், அதுதான் பெர்சிஸுக்குத் தாங்கவில்லை. உள்ளே கோர்ட்டில் ஒன்பது பேர் தயாராக நின்றார்கள், பத்தாவது ஆளுக்காக நடுவர் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், ஆடிக் காட்டிவிட்டால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்று வத்சலா மேடம் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். வாயைத் திறக்கப்போவது பெர்சிஸுக்கே தெரியாது. "மேடம், எனக்கு நெஞ்சுல ஒரு டெஸ்ட் எடுக்கணும்னு ஒரு டாக்டர் சொன்னாங்க" என்றாள். சொன்ன பிறகுதான், சொன்னது தன் குரல் என்று தெரிந்தது. வத்சலா மேடம் காட்டின கையை இறக்கினார். "என்ன டெஸ்ட்?" அந்த முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை, நிஜமாகவே கேட்கிற முகமாக இருந்தது, நின்று கேட்பார் போலவும் இருந்தது. மிஸ் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், போட்டிக்கு வந்த இடத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்றதுதான். ராத்திரி பூரா தூங்கல இவ, சின்னப் பிள்ளை, பயந்துபோயிருக்கா." சொல்லிக்கொண்டே பெர்சிஸின் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். அவ்வளவு பக்கத்தில் மிஸ்ஸின் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது, இந்த ஒரு மாதமும் அவரும் தூங்கவில்லை என்று அப்போதுதான் பெர்சிஸுக்குப் புரிந்தது. வத்சலா மேடம் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. பெர்சிஸையே பார்த்தார். "நீ சொல்லும்மா. பயமா?"

இதைவிட ஒரு நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும். பயமில்லை மேடம், எங்க அப்பா முப்பத்தெட்டு வயசுல செத்துட்டாங்க, எனக்கும் முதுகு வலிக்குது என்று சொன்னால் போதும், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், சொற்கள் எல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையாக நின்றன. கதவு வழியாக மௌனிகா எட்டிப் பார்த்தாள். அளந்து முடித்த டேப்பை அந்த ஆள் சுருட்டிப் பைக்குள் போட்டார். "ஆமா மேடம், பயந்தான்" என்றாள் பெர்சிஸ். அது பொய்யும் இல்லையே. வத்சலா மேடத்தின் முகம் இளகியது, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாருக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தக் கையை எங்களுக்குக் கொடுத்துட்டே, இனிமே பயப்படுறது எங்க வேலை. போ." அப்பாடா என்று இருந்தது அவளுக்கு, கால் கூட லேசாகிவிட்டது. கண்ணாடியின் பட்டையைப் பின்னந்தலையில் இறுக்கிக்கொண்டாள். மேடம் அங்கேயே நின்று இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன டெஸ்ட் என்று இன்னொரு தடவை கேட்டுவிடுவார் போல இருந்தது. அதற்குள் போய்விட வேண்டும் என்று பெர்சிஸ் கோர்ட்டுக்குள் ஓடினாள்.